கை இல்லாத ஸ்வெட்டர்

கல்லூரியில் பாடம் நடத்துபவள் கோடையில் இரண்டு மாதம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் நினைப்பு. லிஃப்டில் யாராவது "உங்களுக்கென்ன மேடம், லீவு" என்றால், கையிலிருக்கும் பையாலேயே ஒன்று போடலாமா என்றிருக்கும். பையில் இருப்பது ஆரஞ்சு நிறக் கம்பளி நூலும் பின்னல் ஊசிகளும்.

லீவு என்று சுற்றறிக்கை வரத்தான் வருகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அதே வாரம் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்புவார். விடைத்தாள் திருத்தணும், அட்மிஷன் டூட்டி பார்க்கணும். போதாததற்கு, ஆய்வுக்குழு வருகிறது என்று பழைய ஃபைல்களுக்குப் புது அட்டை போடணும். மூச்சுவிட்டுத் திரும்பினால் அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கும்.

என் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர். என் ஆசை அவ்வளவுதான். பெங்களூரில் பள்ளி திறக்கும்போதே மழையும் வந்துவிடும். காலையில் பொம்மனஹள்ளியில் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். என் பிள்ளை நான் பின்னியதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவள் யூ.கே.ஜி. படித்தபோது தொடங்கினேன். இப்போது ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள்.

முதலில் முதுகு, பிறகு முன்பக்கம், கடைசியில்தான் கை. ஒவ்வொரு கோடையிலும் கைக்கு வரும்போது கல்லூரி திறந்துவிடும். அடுத்த வருடம் வெளியே எடுத்தால் அவள் வளர்ந்திருப்பாள். எல்லாவற்றையும் பிரித்து, நூலை உருட்டி, அளவெடுத்து, மறுபடி முதலிலிருந்து. "வளர்ற பிள்ளை, கொஞ்சம் கூட்டியே போடுங்க" என்றாள் ஒரு தோழி. கூட்டித்தான் போட்டேன். அதையும் தாண்டி வளர்ந்தாள். பற்றாத நூலுக்கு வாங்கிச் சேர்த்தது வேறு ஆரஞ்சு. பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பயப்படுகிற தாய் உண்டா? நான் பயந்தேன்.

இந்த வருடம் துணிந்து விடைத்தாள் திருத்தும் மையத்துக்கே கொண்டுபோனேன். டீ நேரத்தில் சில வரிசைகள் ஓட்டியிருப்பேன். மேற்பார்வையாளர் வந்து நின்றார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"ஏனு மேடம் இது? பேப்பர் பண்டல் அப்படியே இருக்கு, நீங்க ஸ்வெட்டர் பின்னிட்டு இருக்கீங்க?"

ஹாலே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பிறகு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட எனக்கென்று இல்லை என்றால் என்ன பிழைப்பு இது!

அட்மிஷன் டூட்டியெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மறுநாள் பள்ளி. அளவெடுக்க நேரமில்லாமல் கண்ணளவிலேயே பின்னிய முன்னும் பின்னும் தயாராக இருந்தன. கைக்கு அளவெடுக்க மகளைக் கூப்பிட்டேன். ஓடிவந்து, கையை நீட்டிக்கொண்டு, அசையாமல் நின்றாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை வைத்ததுமே தெரிந்துவிட்டது, இந்த முதுகும் அவளுக்குப் பற்றாது.

"ஸாரிடா கண்ணு. அடுத்த லீவுல கண்டிப்பா முடிச்சிடறேன்."

"முடிக்காதம்மா" என்றாள். "முடிச்சிட்டா அப்புறம் நீ என்னைப் பக்கத்துல கூப்பிடவே மாட்ட."

டேப்பை அவள் தோளில் வைத்து, இன்னொரு முறை அளந்தேன்.