நடுப்பக்கத்து ஆள்

ஹிரண்மய் பாதுரி முப்பத்தோரு வருஷம் நிலப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. "நான் பத்திரிகை ஆசிரியன்" என்பார். பத்திரிகையின் பெயர் 'நிஷ்பலக்', அதாவது இமைக்காத கண். உள்ளதை உள்ளபடி காட்டுகிற புகைப்படங்கள் மட்டுமே அதில் வரும். கல்கத்தாவில் அப்படியொரு பத்திரிகை வருவது மொத்தம் முந்நூறு பேருக்குத் தெரியும். அதில் பாதிப் பேர் படம் அனுப்பித் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள்.

ஹவுரா பாலம், கை ரிக்ஷா, துர்கைக்குக் கண் எழுதும் விரல் என்று எல்லாரும் எடுக்கிற படம் எது வந்தாலும் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். கழுவி ஊற்றி ஒரு கடிதமும் கூடவே போகும். மற்றதையெல்லாம் மன்னித்தாலும், படத்தின் ஓரத்தை வெட்டுகிறவனை மட்டும் மன்னிக்கமாட்டார். லென்ஸ் பார்த்ததில் ஒரு நூல் குறைந்தாலும் அது பொய் என்பது அவர் சித்தாந்தம். படத்தில் மாட்டு வாலைக் கத்தரித்த குற்றத்துக்காக இருபது வருஷ சிநேகிதனோடு பேச்சை நிறுத்தியவர் அவர்.

அவர் மனைவி கேயா பள்ளியில் பூகோளம் எடுப்பவள். "செதிலும் செவுளும் வெட்டிட்டுத்தான் மீன் குழம்பு வெக்கறேன். அது என்ன பொய்க் குழம்பா?" என்று ஒருமுறை கேட்டாள். ஹிரண்மய் அன்று குழம்பை மட்டும் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதழ்தோறும் தலையங்கத்தின் கடைசி வரி மாறாது. 'இந்தப் பத்திரிகை இதைச் செய்தவர்களுடையது அல்ல, இதில் இருப்பவர்களுடையது.' பதினேழு வருஷத்தில் பத்தொன்பது இதழ்கள் வந்துவிட்டன. செங்கல் சூளைக்காரர்கள், பீடி சுற்றுகிறவர்கள், படகுக்காரர்கள் என்று பாதி வங்காளம் அதில் இருந்தது. அவர்களில் ஒருவர்கூட வந்து பார்த்ததில்லை. இவரும் ஒருவருக்குக்கூடப் பிரதி அனுப்பியதில்லை. ஆனாலும் யாராவது ஒருவர் வந்து தன் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடமாட்டாரா என்று அவருக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருந்தது. வெளியே சொன்னால் மானம் போகும் என்பதால் சொல்லவில்லை. பாவம், அது மட்டும் நிஜமான ஏக்கம்.

இருபதாம் இதழுக்காக அவரே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆராம்பாக் போனார். அங்கே உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் மூன்று நாள் நின்று ஒரு படம் எடுத்தார். நட்டநடுவில் மூட்டை சுமந்தபடி வெண்புகைக்குள்ளிருந்து வெளியே வரும் சுமைகூலி ஜலதர் மாலிக்கின் முகம். பார்த்தவர் நெஞ்சைப் பிசைகிற முகம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "நடுப்பக்கம், ரெண்டு பக்கமும் நீதான். புத்தக மேளாவுக்கு வந்து பாரு" என்று ஜலதரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

பைண்டிங் செய்யும் இத்ரிஸ் மியா அச்சான தாள்களைப் பார்த்ததுமே நெற்றியைச் சுருக்கினார். "ஹிரண்தா, அறுபத்துநாலு பக்கம்தானே. நடுவுல கம்பிப் பின் அடிச்சிருவோம், படம் பாய் மாதிரி விரியும். பசை போட்டு ஒட்டினா முகம் மடிப்புக்குள்ள போயிரும்" என்றார்.

பின் அடித்தால் பத்திரிகைக்கு முதுகு இருக்காது. முதுகு இல்லாவிட்டால் அலமாரியில் பெயர் தெரியாது. பின் அடிக்கிறது பஞ்சாங்கத்துக்கு என்று ஹிரண்மய் சொல்லிவிட்டார். அப்படியென்றால் படத்தின் இடது ஓரத்தில் ரெண்டு அங்குலம் வெட்டி மறுபடி அச்சடிக்கலாம், முகம் இடப்பக்கம் நகர்ந்துவிடும் என்று மியா இறங்கி வந்தார். வெட்டுவதா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்? மியா பசையைக் காய்ச்சப் போனார்.

மேளாவின் இரண்டாம் ஞாயிறு. சிறுபத்திரிகைப் பந்தலில் கேயா லெமன் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு முன்னால் குரங்குக் குல்லாவும் புது ஸ்வெட்டருமாக ஒருவன் வந்து நின்றான். பக்கத்தில் மனைவி, கையில் பொரிப் பொட்டலம்.

"பாபு, வரச் சொன்னீங்களே" என்றான் ஜலதர்.

ஹிரண்மய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பந்தலில் இருந்த மற்ற ஆசிரியர்களுக்கும் கேட்கும்படி, "நம்ம நடுப்பக்கத்து ஆள் வந்திருக்கார்" என்று அறிவித்தார். நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அவரே இதழை விரித்து ஜலதரின் கையில் கொடுத்தார்.

இடப்பக்கம் பாதி மூட்டையும் புகையும். வலப்பக்கம் மீதி மூட்டையும் ஒரு சுவரும். சுவரோரம் நாற்காலியில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கால்மேல் கால் போட்டு ஒரு மனிதர். அவர் மீசையை முடி முடியாக எண்ணலாம்.

ஜலதரின் மனைவி பசை ஒட்டிய பள்ளத்துக்குள் விரலை விட்டு நெம்பிப் பார்த்தாள். "ஒரு காது தெரியுது. உங்களோடதுதான்" என்றாள்.

மடிப்பும் படத்தின் ஒரு பகுதிதான், உழைப்பவனின் முகத்தை இந்தச் சமூகம் விழுங்குவதை அது காட்டுகிறது என்று ஹிரண்மய் ஆரம்பித்தார். கேயா அவரைப் பார்த்த பார்வையில் வாக்கியம் பாதியில் நின்றது.

ஜலதருக்குக் கோபமில்லை. கோபித்திருந்தால் ஹிரண்மய் தலையங்கமாவது எழுதியிருப்பார். அவன் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

"நம்ம கணக்குப்பிள்ளை நந்தி பாபு எவ்வளவு நல்லா வந்திருக்கார்" என்றான். "இதைக் கொண்டுபோய்க் குடுத்தா மனுஷன் குளுந்து போயிருவார். அடுத்த மாசம் மூட்டை இறக்க ஆள் எடுக்கறப்போ முதல் லாரிக்கே என்னைக் கூப்பிடுவார்."

கேயா இன்னொரு பிரதியை எடுத்து, இது உங்களுக்கு என்று நீட்டினாள். "எங்களுக்கு எதுக்கும்மா?" என்று ஜலதரின் மனைவி சிரித்தபடி மறுத்துவிட்டாள்.

"இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க பாபு. அவர் பேரு தாரகநாத் நந்தி" என்றான் ஜலதர்.

ஹிரண்மய் பேனாவைத் திறந்து பெயரை எழுதினார். அடியில் 'அன்புடன்' என்று தொடங்கும்போது ஜலதர் குனிந்து தடுத்தான்.

"மரியாதையுடன்னு போடுங்க. அவரு பெரிய மனுஷர்."

ஹிரண்மய் 'அன்புடன்' என்பதை அடித்துவிட்டு, மரியாதையுடன் என்று எழுதிக் கொடுத்தார்.