செவ்வாய்க்கிழமை அனுப்பிய படம்

சென்னையில் இணைய உரிமைகளுக்காகப் பேசும் ஓர் அமைப்பில் ஆறு வருடம் இருந்தேன். அந்த வேலையோடு சட்டமும் படித்து முடித்தேன். பிறகு ஆரணிக்கே திரும்பி, பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் போட ஆரம்பித்தேன். இந்த மூன்றும் சேர்ந்து என் அக்கா வீட்டுக்காரருக்குச் செய்த நன்மையை நாள் பிசகாமல் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறேன்.

மாமா கைத்தறிக்காரர். அடுத்தவர் தரும் டிசைனையே நெய்து சலித்தவர், தனக்கென்று ஒரு கரை வேண்டும் என்றார். ரைஸ் மில் களத்தில் காயும் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடந்தால் வளைந்து வளைந்து வரி விழும். அதைத்தான் கரையாகக் கேட்டார். கட்டம் கட்டமாக நான் போட்டு முடித்தது ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால். ஐந்தரைக்கு ஊர் டிசைனர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுவிட்டேன். முடித்த அன்றே குழுவில் காட்டிப் பாராட்டு வாங்குவது இங்கே வழக்கம். எதையும் பூட்டி வைக்காதீர்கள் என்று ஆறு வருடம் ஊருக்குச் சொன்ன பழக்கமும் எனக்கு இருந்தது. மாமாவின் பெயரில் டிசைனைப் பதிவு செய்ய விண்ணப்பித்தது அதற்கடுத்த திங்கட்கிழமை.

பதிவுச் சான்றிதழ் வந்தது. அடுத்த தீபாவளிக்கு அதே கரை விசைத்தறிச் சேலைகளில் கடைவீதியில் தொங்கியது. மாமா கொதித்துப் போனார். சட்டம் நம் பக்கம் என்று தைரியம் சொல்லி, விசைத்தறி முதலாளிக்கு அனுப்பும் நோட்டீஸை நானே எழுதினேன்.

பதிலோடு ஒரே ஒரு தாள் இணைத்திருந்தார்கள். குழுவில் நான் போட்ட படம், நாளும் நேரமும் தெரிய. விண்ணப்பிக்கும் முன்பே ஊர் பார்த்துவிட்ட டிசைனுக்குப் பதிவு செல்லாது. இதே கேள்விக்குத் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

மாமா என் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார்.

"இதுல செவ்வாக்கிழமைய அடிச்சிட்டு வேற எழுதினா ஆவாதா?"

"இது இல்ல மாமா. அந்தப் படம் நாளோட அவங்க போன்லயே இருக்குது."

"அத்த யாரு போட்டது?"

"நான்தான்."

மறுநாள் முதலாளியே மாமாவுக்குப் போன் செய்தாராம். பதிவை விட்டுவிட்டால் இதோடு முடித்துக்கொள்ளலாம், கரை அருமை, அந்தப் பொண்ணை எங்களுக்கும் போட்டுத் தரச் சொல்லுங்க என்றாராம். மாமா இதைச் சிரிக்காமல் சொன்னார்.

பதிவை ரத்து செய்யக் கேட்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, வியாழக்கிழமை காலை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை படித்துப் பார்த்துவிடச் சொன்னேன்.

"எங்க போடணும்னு காட்டு. நீ படிச்சிகினு வந்ததே போதும்."

காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, தறிக்கு மேலே, டிசைனை நெய்யவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் தொங்கிய அந்தக் கரையின் துளை அட்டைகளைக் கழற்ற ஸ்டூலில் ஏறினார். ஸ்டூலைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்றார்.