பன்னிரண்டாவது வாரத்தின் தாள்

எண்பதுகளில் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் இருந்தேன். அங்கே பெயிண்ட் அடித்த ரத்தினத்துக்கும் எனக்கும் ஒரே பைத்தியம், வாரப் பத்திரிகையில் வந்து முடிந்த ஒரு விண்வெளித் தொடர்கதை. வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, புத்தகமாகத் தைத்து வைத்திருந்தான். டீ நேரமெல்லாம் அதைப் பற்றித்தான் சண்டை.

அந்நியக் கிரகத்தில் விண்கலத்தின் கேப்டனை மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள் என்பேன் நான்.

"இல்லீங்ணா, அவராத்தான் எறங்கிக்கிட்டாருங்க" என்பான் அவன்.

புத்தகத்தை வாங்கிப்போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது வாரத்தில் அவன் சொன்னபடியே இருந்தது. தோற்க மனமில்லை. அந்தத் தாளை மட்டும் மெல்ல உருவிக்கொண்டு, "அந்த வாரமே இதுல இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தேன். திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தான்.

அடுத்த மாதம் மஞ்சள் காமாலையில் ரத்தினம் போய்விட்டான். கருமாதியன்று அவன் மனைவி அந்தப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குக் குடுக்கச் சொன்னாருங்ணா. ஒரு தாளைத் தொலச்சுப்போட்டேன், அண்ணன் சொன்னதுதான் சரியா இருக்கும்னாருங்க. படுக்கையில இருந்துக்கிட்டே பழைய பேப்பர்க் கடைக்கெல்லாம் என்னய அனுப்பித் தேடுனாருங்க."

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் படத்துக்கு முன்னால் வைக்கத்தான் கொண்டு போயிருந்தேன். இலை போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கேப்டன் அவராகத்தான் இறங்கினார். இதை ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.