சமையற்கட்டு ஸ்பீக்கர்

இன்று ஊசி போடுமுன் நர்ஸ் கையில் தடவிய ஸ்பிரிட் வாசனையில், திருவிடைமருதூரில் எங்கள் வீட்டை ஒட்டி இருந்து, பிறகு இடிபட்ட சித்தப்பா வீடு எழுந்து நின்றது. மஸ்கட்டிலிருந்து அவர் கொண்டுவந்த டேப் டெக்கில் நாடா உரசி ஓடும் ஹெட்டை, அவர் மகள் மாலா வெள்ளிதோறும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பாள், என்னைத் தொடவிடமாட்டாள். ஸ்பீக்கர் ஒன்றைக் கூடத்திலும், சித்தி சமைத்துக்கொண்டே கேட்கட்டும் என்று மற்றதைச் சமையற்கட்டிலும் வைத்திருந்தார்கள். சமையற்கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். ஸ்டீரியோவில் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் வாத்தியம் மற்றதிலுமாகப் பிரிந்து வரும்; எங்களுக்கு வந்தது தபேலாவும் வயலினும்தான்.

"பாட்டு ஏன்டி கேக்கல?" என்றேன் மாலாவிடம்.

"பாடுறவரு எங்க கூடத்துல இருக்காருடி. நீ தாளத்த வச்சுக்க!"

அன்று கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'பாடியவர்' என்ற கட்டம் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் காலி. மாலாவைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.