அத்தான் ஏறாத படகு

என் அக்காவும் அத்தானும் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள். ஊர் சுற்றிக் காட்டும் பேருந்து. அத்தான் ஓட்டுவார், அக்கா மைக் பிடித்து விளக்கம் சொல்வாள். படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நான். குடும்பமே ஊரைக் காட்டித்தான் வயிறு வளர்த்தோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வேலையில் அக்காவுக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸிலும் சரி, படகிலும் சரி, போகிற திசைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்துத்தான் அவள் நிற்க வேண்டும். தன் வலது கையை நீட்டி, "உங்க இடது பக்கம் பாருங்க" என்பாள். சொல்லிச் சொல்லி அது எலும்பில் ஊறிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான். உப்பு டப்பா இடது பக்கம் இருக்கிறது என்பாள். நான் அந்தப் பக்கமே குடைந்துகொண்டிருப்பேன். அத்தான் வாயைத் திறக்காமல் வலது பக்கம் கையை விட்டு எடுத்துக் கொடுப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாளாவது ஒழுங்காகச் சொல்கிறாளா என்று கத்துவேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அத்தானின் குறை வேறு. மேல்துறையில் கூட்டத்தை இறக்கிவிட்டதும் அக்காவோடு எல்லோரும் படகில் ஏறிக் கீழ்த்துறைக்குப் போய்விடுவார்கள். அங்கே அவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி நிற்க வேண்டுமே? காலி வண்டியை உருட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வெந்து வியர்த்து, அத்தான் கீழ்த்துறைக்கு வந்து சேருவார். ஆகவே அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் படகில் ஏறியதில்லை. எங்கள் ஊர் மணிக்கூண்டின் கடிகாரம் ஆற்றைப் பார்த்து இருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் வெறும் பின்சுவர்தான். ஊருக்கே மணிக்கூண்டைக் காட்டக் கூட்டிப்போன மனுஷனுக்கு அதன் முதுகுதான் பழக்கம்.

சாயங்காலம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்ததும், இன்றைக்கு ஆற்றில் என்ன பார்த்தாய் என்று கேட்பார். தொண்டை கட்டிப்போன அக்கா, "என்னத்தைப் பாத்தேன், வழக்கம்போல மூஞ்சிகளைத்தான்" என்பாள். பிறகு எழுந்து, கடிகாரத்தைக் கண்டதும் ஒவ்வொரு முகமும் எப்படி மாறியது என்று நடித்துக் காட்டுவாள். வாயைப் பிளந்ததில் பல்செட் நழுவிய பெரியவரை அவள் செய்து காட்டியபோது அத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக உன்னோடு படகில் வருகிறேன் என்று தினமும் சொல்வார். அந்தச் சாயங்காலங்கள் இனி எங்கே வரப்போகின்றன?

ஆனால் ரிட்டயர் ஆகும்வரை அவர் கண் பொறுக்கவில்லை. பரிசோதனையில் ஓரப் பார்வை போய்விட்டது தெரிந்து அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். மீதியும் மெல்ல மெல்லப் போய்விடும் என்றார் டாக்டர். மனிதர் இடிந்துபோனார். அக்கா படகுக்குக் கூப்பிட்டாள். தெரிந்தவர்கள் முன்னால் தடவித் தடவி ஏற வேண்டுமா என்று அவருக்கு ரோஷம். வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை, அடுப்படியில் நின்று அழுதாள். மாதங்கள் ஓடின. அவர் கை பட்டு டம்ளர் உருளுவது அன்றாடமாகிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் நின்றேன்.

"அத்தான், ரோஷம் எங்கயும் போயிடாது. கண்ணு போயிடும். கிளம்புங்க."

கொடுமையான பேச்சுதான். வேறு யார் சொல்வது? சுவர்ப் பக்கமிருந்து திரும்பி எழுந்து உட்கார்ந்தவர், நல்ல சட்டையாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னார்.

அக்கா லீவு போட்டாள். படகில் அவளும் அவரும் முன்னால் சேர்ந்து உட்கார்ந்தார்கள், பின்னால் நான். மைக்கில் வேறொரு பெண் பேசினாள். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை, நீயே சொல்லு என்றார். அக்கா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் குரலுக்கு அடங்கிப் பேசத் தெரியுமா? சுற்றியிருந்தவர்கள் மைக்கை விட்டுவிட்டு இவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். பாலம் போயிற்று, பழைய மில் போயிற்று. அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தாரே தவிர முகத்தில் ஒன்றும் இல்லை. காலம் கடந்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

படகு வளைவில் திரும்பியது. மணிக்கூண்டு எதிரே வருவதை அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அதுவரை அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வரும். இப்போது அவளுக்கு வலது கைப் பக்கம் நிற்கிறது. வலது கைப் பக்கம் இருப்பதை அவள் வாய் என்னவென்று சொல்லும்?

"இப்ப உங்க இடது பக்கம் பாருங்க."

சுற்றியிருந்த அத்தனை பேரும் இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு கிடங்கின் தகரச் சுவர். எல்லாம் தெரிந்த என் தலையும் அந்தப் பக்கமே திரும்பித் தொலைத்தது. அத்தான் ஒருவர்தான், கொஞ்சம்கூடத் தயங்காமல், வலது பக்கம் திரும்பினார்.

அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தெரியுது," என்றார். "முள்ளுகூடத் தெரியுது. நீ பாக்கலையா?"

"பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்," என்றாள் அக்கா. அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.