சர்க்கரையை விலக்குவீர்

புரொபசர் இறந்துபோன செய்தி வந்த அன்று நான் கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்தேன். போனவர்களைப் பற்றிப் பொல்லாப்பு பேசக் கூடாது என்பார்கள். நல்ல பழக்கம்தான், எனக்கு வரவில்லை. அவருடைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்களாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்த டாக்டர் என்பதால் நானும் நாலு வரி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியை அடுத்த அந்த நிலையத்தில் நான் ஒருத்திதான் டாக்டர். பிரசவம், பேதி, பாம்புக்கடி எல்லாம் என் தலையில். அப்போதுதான் பட்டணத்திலிருந்து புரொபசர் வந்தார். நீரிழிவு பணக்காரர்களின் வியாதி என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், நெசவாளர் தெருவிலும் அது இருக்கும் என்று சொன்னவர் அவர். மாத்திரையோடு கூடச் சாப்பாட்டுப் புத்திமதியும் சொன்னால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க நினைத்தார். நல்ல யோசனை, அதை நான் மறுக்கவில்லை. நாலு ஜில்லாவில் நாலு இடம். எங்களைத் தவிர மற்ற மூன்றும் வடக்கே. வீடு வீடாகச் சிறுநீர் வாங்கி, நீல மருந்தில் விட்டுக் காய்ச்சி, செங்கல் நிறத்துக்கு மாறுகிறதா என்று பார்த்த அந்த முதல் வாரங்களில் எனக்கு அவர்மேல் மரியாதைகூட இருந்தது.

பலகை வந்த அன்று அது போயிற்று. நிலையத்து வாசலிலும் நெசவாளர் தெரு முனையிலும் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரையை விலக்குவீர்’ என்று எழுதி நிறுத்தினார்கள். பட்டணத்திலும் வடக்கேயும் காப்பிக்குப் போடுவதைத்தான் சர்க்கரை என்பார்கள். எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற பழுப்புப் பொடி. வெள்ளையாக இருப்பது சீனி. காப்பிக்குக் கருப்பட்டி. மூன்றும் வேறு வேறு சாமான். கடையில் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைத் தர மாட்டான். நான் கடையத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா? “சீனி, கருப்பட்டின்னும் சேத்து எழுதுங்க சார். இல்லேன்னா சனங்களுக்கு வெளங்காது” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாலு இடத்திலேயும் ஒரே வார்த்தைதாம்மா இருக்கணும். மாத்தினா ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. நீங்க பிரசவத்தைப் பாருங்க, ஆராய்ச்சியை நாங்க பார்த்துக்கறோம்” என்றார்.

என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் நான் என் பாஷையிலேயே சொன்னேன். அது அவர் காதுக்குப் போயிற்று. ஆராய்ச்சியைக் கெடுக்கிறேன் என்று மேலிடத்தில் மூட்டிவிட்டு, அவர் எடுத்துக்கொண்ட வீடுகளில் நான் காலடி வைக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார். அங்கெல்லாம் அவருடைய ஆட்களே போய்ப் பலகையில் இருந்ததை ஒப்பித்துவிட்டு வந்தார்கள்.

அப்படிப்பட்ட வீடுதான் தறிக்கார பாய் வீடு. வாய் ஓயாத மனுஷன். குழித்தறியில் உட்கார்ந்து மிதித்தபடியே தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பார். ஒரு நாள் அவரை வண்டியில் கிடத்தி என்னிடம் கொண்டு வந்தார்கள். வலது கால் பெருவிரலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல், பாதமே கறுத்து நாற்றமெடுத்திருந்தது. என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் மனைவி அழுதுகொண்டே, “சர்க்கரையக் கண்ணுலயே காட்டலம்மா. பெருநாளைக்குக்கூட வாங்கல. காப்பிக்குக் கருப்பட்டிதான் போட்டுக் குடுக்கேன். அது ஒடம்புக்கு நல்லதுல்லா?” என்றாள். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பட்டணத்து ஆளுக சொன்னத அப்படியே கேட்டேன் டாக்டரம்மா. பொறவு ஏன் இப்படி ஆச்சு?”

பாளையங்கோட்டைக்கு அனுப்பினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். குழித்தறிக்கு இரண்டு காலும் வேண்டும். அதோடு அவர் தொழிலும் போயிற்று.

இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆராய்ச்சியின் நன்மைக்காக, ஊர் நன்மைக்காக என்றெல்லாம் இப்போது பூசி மெழுக மாட்டேன். நாலு பேர் முன்னால் அவர் முகம் கறுக்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சாரல் சமயத்தில் அது வாய்த்தது. குற்றாலத்தில் ஒரு பங்களாவில் நாலு ஜில்லா டாக்டர்களையும் கூட்டி புரொபசர் முடிவைச் சொன்னார். அருவியில் குளித்த தலை காயாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூன்று இடங்களிலும் குறைந்திருக்கிறது, தென்காசிப் பக்கம் மட்டும் குறையவில்லை என்றார். காரணம், இங்குள்ள சனங்கள் பிடிவாதக்காரர்களாம்; நம் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, வீட்டில் இஷ்டத்துக்குச் சாப்பிட்டுப் பொய் சொல்கிறார்களாம். இதையெல்லாம் அழகான இங்கிலீஷில் சொன்னார். நான் எழுந்து, வராந்தாவில் உட்கார்த்தி வைத்திருந்த பாயை உள்ளே கூப்பிட்டேன். கட்டை ஊன்றி வந்து நின்றார்.

“பாய், சர்க்கரை சாப்பிட்டியளா?”

“அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன், தொடல.”

“கருப்பட்டி?”

“மூணு நேரமும். அதத் திங்காதேன்னு எந்தப் பயலும் எனக்குச் சொல்லலியே!”

வடக்கேயிருந்து வந்திருந்த வயதான டாக்டர் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு பாயின் காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “அந்தப் பலகையை எழுதச் சொன்னது யாரு?” என்று கேட்டார். புரொபசர் முகம் அடுப்புக்கரியாகப் போயிற்று. அடடா, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்த குளிர்ச்சி, அத்தனை வருஷம் அருவியில் நின்றும் கிடைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தப்பு நடந்துபோச்சும்மா. நான் வருத்தப்பட்டதா அவர்கிட்ட சொல்லிடுங்க” என்றார். “வாசல்லதான் வண்டிக்கு நிக்காரு சார். நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் பின்பக்கமாகப் போய்க் காரில் ஏறிவிட்டார்.

நான் போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “மன்னிப்புத்தான? குடுக்கேன். என் வீட்டுக்கு வந்து, தறிக்குழியில எறங்கி, ஒத்தக் காலால மிதிச்சு ஒரு முழம் நெய்து காட்டட்டும். பொறவு மன்னிக்கேன்” என்றார். அதை அப்படியே புரொபசருக்குச் சொல்லியனுப்பினேன்.

பலகையில் சீனியும் கருப்பட்டியும் ஏறின. புரொபசருக்குப் பதவிகளும் ஏறின. ஒவ்வொரு சாரலுக்கும் தென்காசி வழியாகத்தான் குற்றாலம் போனார். நெசவாளர் தெருப் பக்கம் அவர் கார் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பாய் அவரை மன்னிக்காமலே கண்ணை மூடினார். மன்னிக்க வேண்டியவரே மன்னிக்காதபோது, நான் யார் மன்னிக்க?

காலை எடுத்த பிறகு அந்தத் தறிக்குழி சும்மாதான் கிடந்தது. வீட்டில் இடம் போதவில்லை, மண் போட்டு மூடிவிடலாம் என்று மகன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். பாய் கடைசிவரை விடவில்லை.

“கெடக்கட்டும்லே,” என்பாராம். “ஒரு ஆளு வந்து எறங்க வேண்டியிருக்கு.”