மூன்று பெயரில் ஒரு விஞ்ஞானி

விஞ்ஞான உலகில் என்னைப் போலச் செல்வாக்கோடு வாழ்ந்தவர்கள் குறைவு. எண்பதுகளில் நான் ஒருத்தியே மூன்று பேராக இருந்தேன். அதற்கு எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்ணாகப் பிறந்தால் போதும்.

எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. கல்யாணத்துக்கு முன் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் நின்றது. கொழும்பில் எழுதிய முதல் கட்டுரைகள் அந்தப் பெயரில் வந்தன. தாலி ஏறியதும் அப்பா இறங்கிவிட்டார், கணவரின் பெயர் வந்து உட்கார்ந்தது. லண்டனில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வெல்லாம் அவர் பெயரில்தான். மனிதர் கணக்காளர், பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டாலே சோப்புப் போட்டுக் கை கழுவுகிறவர். பிறகு ஆக்லாந்து வந்தபோது விசா கொடுத்தவர்கள் பெயர்களை முன்பின்னாக மாற்றி, என் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக்கினார்கள். இப்போதாவது என் பெயர் வந்ததே என்று அந்தப் பெயரிலும் கட்டுரைகள் எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்தோம். பயறு, குளோவர் என்ற தீவனச் செடி போன்றவற்றின் வேரில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்த வேலையைத் தொடங்கு, நிறுத்து என்று பாக்டீரியாவுக்கு உத்தரவிடும் மரபணு எது என்பதுதான் என் கேள்வி. ஆட்டுக்குப் புல் வளர்த்தே பிழைக்கிற நாட்டில் இந்தக் கேள்விக்கு மரியாதை இருக்கும் என்று நம்பினேன்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. அது முடிந்தால் விசாவும் முடியும். ஊரில் சண்டை, திரும்பிப் போக வீடும் இல்லை. கணவர் நகரின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் துறையில் நிரந்தர விரிவுரையாளர் பதவி ஒன்று வந்தது. இரண்டு பேரும் அதைத்தான் நம்பியிருந்தோம்.

நேர்முகத் தேர்வில் துறைத் தலைவர் மிகவும் வருத்தப்பட்டார். அருமையான மனிதர், குரலை உயர்த்தாமலே அவமானப்படுத்தத் தெரிந்தவர். வேறு இரண்டு பெண்களின் கட்டுரைகளை என்னுடையவை என்று விண்ணப்பத்தில் காட்டிவிட்டேனாம். அந்த இருவரும்தான் இந்த ஆராய்ச்சியின் முன்னோடிகளாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

“அந்த இரண்டு பேரும் நான்தான்” என்றேன். அப்பா, தாலி, விசா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன்.

அவர் முகம் இன்னும் வாடியது. “இது பெரிய சிக்கலாயிற்றே” என்றார். “மூன்று பேர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்ததால்தானே நாங்கள் அதை நம்பினோம்? இப்போது பார்த்தால் ஒரே ஆள் தனக்குத்தானே தலையாட்டியிருக்கிறார்.”

கடவுளே! முன்னோடிகள் இரண்டு பேரையும் என் வாயாலேயே கொன்றுவிட்டேன்.

ஹென்டர்சன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து கைப்பையைச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் எறிந்தேன்.

“என்னப்பா, என்ன சொன்னவை?” என்று கணவர் எழுந்து வந்தார்.

“சும்மா இருந்தாக் கள்ளி, வாயைத் திறந்தாப் புளுகி. அவ்வளவுதான்.”

“அப்ப என்ரை பேரிலை வந்த கட்டுரையளுக்கு என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிடமாட்டினமோ?”

“உங்களைக் கூப்பிட்டிருந்தா வேலை கிடைச்சிருக்கும். போய்ச் சோத்தைப் போட்டுச் சாப்பிடுங்கோ.”

அவர் சாப்பிடப் போகவில்லை. “விசாவுக்கு இனி என்ன செய்யிறது?” என்று மெதுவாகக் கேட்டார். நானே போய் அவருக்குச் சோற்றைப் போட்டேன்.

பதவி இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இளம் விஞ்ஞானிக்குப் போனது. அவருக்குக் கீழே உதவியாளராக எனக்கு ஒரு வருட நீட்டிப்புக் கொடுத்தார்கள். பெரிய மனசு! விசாவும் அதைப் பிடித்துக்கொண்டு தொற்றி வந்தது.

முதல் நாள் காலையிலேயே அவர் ஆய்வுகூடத்துக்கு வந்து, நான் டிஎன்ஏ பிரிக்கும் ஜெல்லை அச்சில் ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது. தன் ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படை இரண்டு பெண்களின் கட்டுரைகள்தான் என்று ஆசையோடு சொன்னார். அப்பாவின் பெயரையும் கணவரின் பெயரையும் பிழையில்லாமல் உச்சரித்தார். உங்கள் நாட்டுக்காரர்கள்தானே, அவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

“இரண்டு பேரும் நான்தான்.”

முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “அப்படியென்றால் இந்த வேலைக்கு நீங்கள் விண்ணப்பிக்கவில்லையா?”

“விண்ணப்பித்தேன். நான் சொன்னதை வேறொருவர் சொன்னால்தான் நம்புவார்களாம். அந்த வேறொருவர் நீங்கள்.”